அட்ராசிட்டி தாங்க முடியலப்பா!

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஒரு ரிலீஸ், ரிலீஸ் முடிஞ்சதும் அதுல வந்த பக், அந்த பக்கை சரி பண்ணப் போய் வந்த புது பக்னு ரெண்டு மாசம் எப்படிப் போச்சுன்னே தெரியல. இன்னைக்கு ஒரே ஒரு வார்த்தையைப் பத்தி மட்டும் எழுதப் போறேன். கொஞ்சம் நீளமா வரும் போல இருக்கு. டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்துருங்க.

வார்த்தை: அட்ராசிட்டி.

இது தெரியாத தமிழன் இன்னைக்கு உண்டா? பக்கத்து வீட்டு வாண்டு சுவர்ல கிறுக்கினா அட்ராசிட்டி. குரங்கு ஒண்ணு டூரிஸ்ட் கையில இருந்த சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கினா "குரங்குகள் அட்ராசிட்டி"ன்னு செய்தித் தலைப்பு. நடுரோட்டுல ஒருத்தர் படுத்துக்கிட்டு பஸ்ஸை மறிச்சா "போதை ஆசாமி அட்ராசிட்டி". கல்யாண மேடையில மாப்பிள்ளையோட ஃப்ரெண்ட்ஸ் பிளக்ஸ் பேனரோட ஏறினா அதுவும் அட்ராசிட்டி. சேட்டை, ரவுசு, அலப்பறை, லொள்ளுன்னு நம்மகிட்ட ஏற்கெனவே இருந்த அருமையான சரக்கையெல்லாம் ஓரங்கட்டிட்டு இது வந்து உக்காந்திருக்கு. அளவுன்னு பாத்தா சேட்டைக்கு ஒரு படி மேல, குத்தத்துக்கு நாலு படி கீழ. சொல்றவன் முகத்துல எப்பவும் ஒரு சிரிப்பு இருக்கும், கவனிச்சுப் பாருங்க.

இங்கிலீஷ்காரன் அகராதியில சிரிப்பே கிடையாது. படு பயங்கரமான கொடுமை, மனுஷன் மனுஷனுக்குச் செய்யக்கூடாத செயல்னுதான் போட்டிருக்கும். லத்தீன்ல இருந்து வந்தது. இதோட வேர்ல கருப்பு, இருட்டுன்னு அர்த்தம் தர்ற ஒரு சொல் இருக்கிறதா சொல்றாங்க. ஐக்கிய நாடுகள் சபை இந்த வார்த்தைக்குக் கீழதான் இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம் மூணையும் கொண்டுவந்து வைக்குது. 2009 முள்ளிவாய்க்கால் பத்தி ஆங்கிலத்துல வந்ததைப் படிச்சவங்க இந்த வார்த்தையை வேற முகத்தோட பாத்திருப்பீங்க.

உடனே "ஐயோ, அர்த்தம் கெட்டுப் போச்சே" ரகப் பதிவுன்னு நினைச்சு ஓடிடாதீங்க. வார்த்தை தேயறது சகஜம். இங்கிலீஷ்காரனே கோழி கிறுக்கின மாதிரி கையெழுத்தை 'அட்ரோஷியஸ்'னு சொல்றவன்தான். நாம மட்டும் என்ன? 2005ல சந்திரமுகி வந்தப்போ நான் மூணாங்கிளாஸ். அதுல பிரபு சொன்ன ஒரு வசனத்தைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் காலத்துப் பதிவர்கள் எல்லாரும் கரண்ட் போனாக்கூட 'எ.கொ.ச.'ன்னு எழுதினாங்க. சீனியர் பதிவர்களுக்கு இதை விளக்கவே வேணாம். ஆக, கொடுமைங்கிற நம்ம சொந்தச் சொல்லையே நாம காமெடி பீஸா ஆக்கி வெச்சிருந்தோம். அட்ராசிட்டி ரெண்டாவது பலி, அவ்வளவுதான்.

எனக்கு இதுல உறுத்தினது வேற ஒரு இடம்.

ஆபீஸ்ல எங்க டீம்ல நாலு தமிழ்ப் பசங்க, ஒரு நாக்பூர்க்காரர். தினமும் பத்து மணிக்கு கால். ஒரு நாள் பில்ட் நாலாவது தடவையா புட்டுக்கிச்சு. எங்க பையன் ஒருத்தன் இங்கிலீஷும் தமிழும் கலந்து "இந்த சர்வர் பண்ற அட்ராசிட்டி இருக்கே..."ன்னு இழுத்தான். நாங்க சிரிச்சோம். நாக்பூர்க்காரர் சிரிக்கல. கால் முடிஞ்சதும் எனக்கு மட்டும் தனியா மெசேஜ் போட்டார்: யார் மேல யார் போட்டிருக்காங்க, ஹெச்.ஆர். வரைக்கும் போயிடுச்சான்னு.

எனக்கு ஒண்ணுமே புரியல. அப்புறம்தான் விளக்கினார். மராத்தியில அட்ராசிட்டின்னா அது ஒரு சட்டத்தோட பேரு. 1989ம் வருஷத்து பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமை தடுப்புச் சட்டம். அங்க ஒருத்தன் மேல "அட்ராசிட்டி போட்டுட்டாங்க"ன்னா அந்தச் சட்டத்துல கேஸ் ஆயிடுச்சுன்னு அர்த்தம். பால்காரர்லேர்ந்து பேராசிரியர் வரைக்கும் அப்படித்தான் சொல்வாங்களாம். 2016ல மராத்தா பேரணிகள்ல லட்சக்கணக்கான பேர் நடந்தப்போ வெச்ச கோரிக்கைகள்ல ஒண்ணு அந்தச் சட்டத்தைத் திருத்தணும்ங்கிறது. அவங்க ஊர்ல இந்த வார்த்தையைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டாங்க. சிலருக்கு பயம் வரும், சிலருக்கு தைரியம் வரும். யாருக்கு எதுன்னு நீங்களே யூகிச்சுக்கலாம்.

அதே சட்டம் இங்கயும் இருக்கே, நமக்கு மட்டும் எப்படி இது குரங்குச் சேட்டையா ஆச்சு? ரெண்டு நாள் இதையே யோசிச்சுக்கிட்டிருந்தேன். (பில்ட் ஓடுற நேரத்துல வேற என்ன வேலை.) பதில் எங்க ஊர் டீக்கடையிலேயே இருந்தது. நாம அந்தச் சட்டத்தை அட்ராசிட்டின்னு கூப்பிடறதே இல்ல. "பி.சி.ஆர்."ன்னுதான் சொல்றோம். புதுக்கோட்டை பக்கம் எந்த டீக்கடையில உக்காந்தாலும் "பி.சி.ஆர். போட்டுருவாங்கப்பா, சூதானமா இரு"ன்னு ஒரு குரலாவது கேக்கும்.

இதுல வேடிக்கை என்னன்னா, பி.சி.ஆர். அந்தச் சட்டமே இல்ல. 1955ல தீண்டாமை ஒழிப்புக்குன்னு ஒரு சட்டம் வந்தது. 1976ல அதைத் திருத்தி குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்னு பேர் மாத்தினாங்க. அதோட இங்கிலீஷ் சுருக்கம்தான் பி.சி.ஆர். வன்கொடுமை தடுப்புச் சட்டம் வேற. 1989ல நிறைவேறி 1990 ஜனவரி 30ல அமலுக்கு வந்தது. நம்ம ஜனங்க பழைய சட்டத்தோட மூணெழுத்தைத் தூக்கி புது சட்டத்துக்கு ஒட்டிட்டாங்க. சுமையெல்லாம் பி.சி.ஆர். சுமந்துக்கிச்சு. அட்ராசிட்டிங்கிற வார்த்தை கை வீசிக்கிட்டு வேலையில்லாம நின்னுச்சு. அதைத்தான் நாம குரங்குக்குக் கொடுத்தோம். மொழியியல் படிச்சவங்க யாராச்சும் இதை மறுத்தா சந்தோஷமா கேட்டுக்கறேன். எனக்குத் தோணினது இதுதான்.

அந்த மூணெழுத்தும் ஒண்ணும் நல்லபடியா புழங்கல. அதைச் சொல்றவங்க பெரும்பாலும் போடறவங்க பக்கம் நின்னு சொல்றதில்ல, போடப்படுறவங்க பக்கம் நின்னு சொல்றாங்க. பி.சி.ஆர்.னாலே பொய்க் கேஸ்ங்கிற வாசம் அந்த உச்சரிப்பிலேயே வந்துரும். 2018 மார்ச்ல உச்ச நீதிமன்றமே உடனடிக் கைதுக்குத் தடைபோடற மாதிரி ஒரு தீர்ப்பு கொடுத்து, நாடே கொந்தளிச்சு, அந்த வருஷமே நாடாளுமன்றம் திருத்தம் கொண்டு வந்து அதை மாத்தினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

சரி, சட்டம் எதையெல்லாம் அட்ராசிட்டின்னு சொல்லுது? இந்த இடத்துல நான் கொஞ்சம் ஆடித்தான் போனேன். சட்டத்தோட ஆரம்பத்துல விளக்கம் கொடுக்கிற பகுதியில கொடுமை, மனிதாபிமானம்னு பெரிய பேச்சே கிடையாது. 3வது பிரிவுல என்னென்ன குற்றம்னு போட்டிருக்கோ அதுதான் அட்ராசிட்டின்னு முடிச்சுட்டாங்க. நம்ம பாஷையில சொன்னா, வெறும் பாயிண்டர். 3வது பிரிவைப் புரட்டினா ஒரு பட்டியல். பட்டியல்ல முதல் ஐட்டமே, பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்த ஒருத்தரை, தின்னக்கூடாத, அருவருப்பான பொருளைத் தின்னவோ குடிக்கவோ கட்டாயப்படுத்தறது. அடுத்தடுத்து வீட்டு வாசல்ல மலத்தையோ செத்த மிருகத்தையோ போடறது, துணியை உருவி ஊர்வலம் விடறது, நிலத்தைப் பிடுங்கறது, ஓட்டுப் போட விடாம பண்றதுன்னு நீண்டுக்கிட்டே போகுது. நடுவுல ஒரு வரி: அந்த மக்கள் வழக்கமா பயன்படுத்தற தண்ணீரை, அதைப் பயன்படுத்த முடியாதபடி அசுத்தப்படுத்தறது.

சட்டம் எழுதறவங்க சும்மா உக்காந்து கற்பனை பண்ணி எழுத மாட்டாங்க. எங்கயோ நடந்திருக்கு, அதனால எழுதியிருக்காங்க. எழுதின பிறகும் நடந்திருக்கு. 2002ல, எங்களுக்குப் பக்கத்து மாவட்டம் திருச்சியில, லால்குடி பக்கம் திண்ணியம். ரெண்டு தலித் மனுஷங்களை மலத்தைத் தின்ன வெச்சாங்க. பட்டியலோட முதல் வரி அப்படியே நடந்தது.

நடுவுல இருந்த தண்ணீர் வரி எங்க மாவட்டத்துக்கு வந்தது 2022ல.

வேங்கைவயல். அன்னவாசல் ஒன்றியம், முட்டுக்காடு ஊராட்சி, இறையூரை ஒட்டின தலித் குடியிருப்பு. சித்தன்னவாசல் ஓவியம் பாக்க வர்றவங்களுக்கு அன்னவாசல் தெரிஞ்சிருக்கும். சில நாளா குழந்தைகளுக்கு வயிறு சரியில்ல, காய்ச்சல், ஆஸ்பத்திரி. தண்ணியைப் பாருங்கன்னு டாக்டர்கள் சொல்ல, டிசம்பர் 26ம் தேதி பசங்க சிலர் மேல்நிலைத் தொட்டி மேல ஏறிப் பாத்தாங்க. 10,000 லிட்டர் தொட்டி. உள்ள மனித மலம். (முந்தின நாள் டிசம்பர் 25, 1968ல அதே தேதியில கீழவெண்மணியில 44 பேரை எரிச்ச நாள். காலண்டருக்கு என்ன தெரியும்.)

அடுத்த நாள் அப்போதைய கலெக்டர் கவிதா ராமுவும் எஸ்.பி. வந்திதா பாண்டேவும் ஊருக்கு வந்தாங்க. வந்த இடத்துல ஜனங்க வேறயும் சொன்னாங்க. டீக்கடையில ரெண்டு விதமா கிளாஸ். அய்யனார் கோயிலுக்குள்ள விடறதில்ல. அன்னைக்கே அதிகாரிகள் அவங்களைக் கோயிலுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போனாங்க. கேஸ் பதிவாச்சு, ரெண்டு பேர் கைதானாங்க. தொட்டியைப் பாக்க வந்த கண்ணுல கிளாஸ் பட்டது. தொட்டி மட்டும் நாறாம இருந்திருந்தா அந்த கிளாஸ் இன்னும் எத்தனை வருஷம் அந்த மேஜை மேல இருந்திருக்குமோ.

தொட்டி கேஸ் 2023 ஜனவரியில சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போச்சு. மார்ச்ல உயர் நீதிமன்றம் ஓய்வு பெற்ற நீதிபதி சத்தியநாராயணனை ஒருநபர் ஆணையமா போட்டது. ரத்த மாதிரி, டி.என்.ஏ., குரல் பரிசோதனைன்னு ஒவ்வொண்ணா நடந்தது. அந்தத் தண்ணியைக் குடிச்ச ஊர்க்காரங்ககிட்டயே ரத்தம் கேட்டாங்க; சிலர் கொடுக்க மறுத்தாங்க. ரெண்டு வருஷம் ஓடிச்சு. 2025 ஜனவரியில குற்றப்பத்திரிகை. அதுல வேங்கைவயலைச் சேர்ந்த மூணு பேர், அதே தலித் குடியிருப்புக்காரங்க, ஊராட்சித் தலைவரோட கணவர் மேல இருந்த முன்விரோதத்துல செஞ்சதா சி.பி.சி.ஐ.டி. சொல்லுது. ஊர் மொத்தமும் அதை ஏத்துக்கல. பாதிக்கப்பட்டவங்களையே குற்றவாளி ஆக்கறாங்க, சி.பி.ஐ. வேணும்னு உக்காந்தாங்க. வி.சி.க.வும் மார்க்சிஸ்ட் கட்சியும் அதையேதான் கேட்டாங்க.

யார் செஞ்சாங்கன்னு சொல்ல நான் ஆள் இல்ல. அது நீதிமன்றத்தோட வேலை. என்னை நிறுத்தினது அதுக்கு அடுத்து நடந்த ஒரு சின்ன விஷயம். பேப்பர்ல ஒரு பத்திதான் வந்திருந்தது. 2025 பிப்ரவரியில அந்த வழக்கு புதுக்கோட்டை சிறப்பு நீதிமன்றத்துல இருந்து நடுவர் நீதிமன்றத்துக்கு மாறிடுச்சு. ஏன்னா 3வது பிரிவு ஆரம்பிக்கறதே, பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத ஒருத்தர் செஞ்சாங்கிற நிபந்தனையோடதான். குற்றம் சாட்டப்பட்டவங்க அதே சமூகம்னா, அந்தச் சட்டம் பொருந்தாது.

லாஜிக்கா பாத்தா தப்பு சொல்ல முடியாது. நான் கோட் எழுதறவன், இஃப் கண்டிஷன் தெரியும். அந்த நிபந்தனைக்கும் நியாயம் இருக்கு: இது பொதுவான கொடுமைக்கான சட்டம் இல்ல, மேல இருக்கிறவன் கீழ தள்ளப்பட்டவனுக்குச் செய்யறதுக்கான சட்டம். ஆனா விளைவை யோசிச்சுப் பாருங்க. தொட்டி அதே தொட்டி. உள்ள இருந்தது அதே. குடிச்ச குழந்தைகளும் அதே குழந்தைகள். செஞ்சது யாருங்கிற கட்டத்துல பேர் மாறினதும் அட்ராசிட்டிங்கிற வார்த்தை மட்டும் அந்தக் கேஸ் கட்டுல இருந்து எந்திரிச்சு வெளிய போயிடுச்சு. அதே வாரம் என் போன்ல 'பூனை செய்த அட்ராசிட்டி' வீடியோ வந்தது. அந்த வார்த்தைக்கு வேலை இல்லாமப் போகல பாருங்க.

நம்ம பழைய சொல்லுக்கு வருவோம். கொடுமைக்கு வேர் கொடு. வளைஞ்சதுன்னு அர்த்தம். கொடுக்கு, கோடுன்னு சொந்தக்காரங்க நிறைய. ராஜா கையில இருக்கற கோல் நேரா இருந்தா செங்கோல், வளைஞ்சா கொடுங்கோல். திருக்குறள்ல செங்கோன்மை 55வது அதிகாரம், கொடுங்கோன்மை 56. பக்கத்துப் பக்கத்து வீடு. லத்தீன்காரன் கொடுமையில இருட்டைப் பாத்திருக்கான், நம்மாளு கோணலைப் பாத்திருக்கான். எனக்கு நம்மாளு பார்வைதான் பிடிக்குது. இருட்டுன்னா செஞ்சவனோட மனசை நோண்டிக்கிட்டே இருக்கணும், ராட்சசன் எவன்னு தேடணும். கோணல்னா ஊரைப் பாத்தா போதும், எங்க வளைஞ்சிருக்குன்னு தெரிஞ்சிடும்.

வேங்கைவயல்ல வளைவு எங்கன்னு தேட டி.என்.ஏ. வேண்டியதில்லை. அந்த மக்களுக்குன்னு ஒரு தனித் தொட்டி. அதுக்கு யாரும் எந்தக் கெட்ட வார்த்தையும் வெக்கல, குடிநீர்த் திட்டம்னுதான் பேர். எங்க கிராமத்துலயும் ரெண்டு தொட்டி உண்டு. நான் இந்தப் பக்கத்துத் தொட்டித் தண்ணி குடிச்சு வளர்ந்தவன். சின்ன வயசுல கேட்டா "அங்கிட்டு வரைக்கும் பிரஷர் பத்தாதுடா"ன்னு சொல்வாங்க. இன்ஜினியரிங் முடிச்சிட்டு வந்து ஒரு நாள் சும்மா நடந்து பாத்தேன். ரெண்டு தொட்டிக்கும் நடுவுல நானூறு அடி இருந்தா ஜாஸ்தி. மேடு பள்ளம்கூட கிடையாது.

பொங்கலுக்குப் போயிருந்தப்போ அத்தைகிட்ட இதைப் பேச்செடுத்தேன். எங்க பக்கம் இதுக்கு யாரும் கொடுமைன்னோ வேற எதுவாவோ பேர் சொல்றதில்ல. "தொட்டி விஷயம்". இல்லன்னா "அந்தச் சம்பவம்". (சம்பவம்ங்கிற வார்த்தைக்கும் இப்போ சினிமாவுல என்ன கதின்னு தனிப் பதிவு போடலாம்.) அத்தை அடுப்படியில பாத்திரம் ஒதுக்கிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்துச்சு.

"அவங்களே போட்டுக்கிட்டாங்கன்னுதானேப்பா போலீசு சொல்லுது?"

"சொல்லுது அத்தை. அவங்க இல்லைன்றாங்க. கேஸ் கோர்ட்ல இருக்கு."

"ம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அத்தை ஆள் ஒண்ணும் புரட்சிக்காரி இல்ல. தோட்டத்து வேலைக்கு வர்ற அம்மாவுக்குத் தண்ணி கொடுக்க தாழ்வாரத்துல ஒரு எவர்சில்வர் சொம்பு தனியா வெச்சிருக்கும். அதைப் பத்தி எங்களுக்குள்ள நடந்த சண்டையை வேற ஒரு நாள் எழுதறேன். ஈரக்கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு வெளிய வந்து திண்ணையில உக்காந்துச்சு.

"எவன் போட்டா என்ன தம்பி... அந்தப் புள்ளைக குடிச்சது குடிச்சதுதானே."

டிஸ்கி: வன்கொடுமை தடுப்புச் சட்டத்தைத் தேடிப் படிக்கப் போறவங்க 2015ம் வருஷத் திருத்தத்தோட சேர்த்துப் படிங்க. அது 2016 ஜனவரி 26ல அமலுக்கு வந்தப்போ 3வது பிரிவுல பட்டியல் நீண்டுச்சு, வரிசையும் மாறிப் போச்சு. தண்ணீர் வரி பழைய வெர்ஷன்லயும் இருக்கு, புதுசுலயும் இருக்கு.